பாரமகால் இரும்புலைகளும் துருத்திக் காற்றின் அளவும்

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி வசமான பாரமகால் பகுதியில் தருமபுரியும் அடங்கும். 1965இல் தனி மாவட்டமாகும்வரை அது சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பழைய சேலம் மாவட்டம் காந்த இரும்புத்தாதுவுக்கும் கரியுலைகளுக்கும் பெயர்பெற்றது. தென்னிந்திய இரும்பு, எஃகு உற்பத்தி குறித்து 1839இல் எழுதிய ஜோசையா மார்ஷல் ஹீத், இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகளை மாற்றி மாற்றி இயக்கி உலைக்கு இடையறாது காற்றூட்டிய முறையை விவரிக்கிறார்.

இத்தகைய குறிப்புகளைக் கொண்டு உலைக்குச் சென்ற காற்றை மதிப்பிட, துருத்தியின் கொள்ளளவை அழுத்தங்களின் எண்ணிக்கையால் பெருக்குவது எளிய வழி. ஆனால் அதனால் கிடைப்பது காற்றின் கனஅளவு மட்டுமே. கரி எரிவதோ காற்றிலுள்ள ஆக்சிஜனின் நிறையைப் பொறுத்தது. இவ்விரண்டுக்கும் இடையே வெப்பநிலை நிற்கிறது. மாறா அழுத்தத்தில் குறிப்பிட்ட நிறையுள்ள வளிமத்தின் கனஅளவு அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமையும். ழாக் சார்லஸ் 1787 அளவில் கண்டும் வெளியிடாத இவ்வுண்மையை 1802இல் கே-லுசாக் வெளியிட்டார்.

மார்கழி விடியலில் 20 பாகை செல்சியசு (293 கெல்வின்), சித்திரை நண்பகலில் 40 பாகை (313 கெல்வின்) எனக் கொள்வோம். ஈரப்பத வேறுபாட்டை ஒதுக்கினால், ஒரே துருத்தி கோடையில் ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்த நிறையுள்ள காற்றையே உள்ளிழுக்கும். மார்கழியில் 15 அழுத்தம் தந்த காற்றைச் சித்திரையில் பெற 16 அழுத்தம் தேவை.

அந்த ஓர் அழுத்தம் தொழிலாளியின் கூடுதல் உழைப்பு. ஆதலால் இரண்டு உலைகளின் விளைச்சலை ஒப்பிட்டு, குறைவைக் கொல்லரின் திறன்மீது ஏற்றுமுன், உலை மூட்டிய மாதத்தையும் பொழுதையும் ஆய்வாளர் கணக்கில் கொள்ளவேண்டும். பழைய உலைகளை மீளமைத்துச் சோதிப்போருக்கும் இது பொருந்தும்.