காவு வண்டியும் நூத்தியெட்டும்

‘நோயாளர் காவு வண்டி’ என்ற சொல்லை இலங்கைத் தமிழ் நாளிதழில் முதன்முதலாகப் படிக்கும் தமிழ்நாட்டுக்காரர் ஒரு கணம் திடுக்கிடுவார். இங்கே காவு என்றால் பலி. எல்லைச்சாமிக்குக் கிடா வெட்டினால் காவு கொடுத்ததாகச் சொல்வோம். ஒரு வளைவில் அடிக்கடி விபத்து நடந்தால் ‘அந்த ரோடு வருஷத்துக்கு ரெண்டு பேரையாவது காவு வாங்குது’ என்போம். உயிரைக் காக்க ஓடிவரும் ஆம்புலன்ஸ் வண்டிக்கா இந்தப் பெயர்?

ஈழத்தில் காவுதல் என்றால் சுமத்தல். அங்கே மூட்டையைக் காவுவார்கள், குடத்தைக் காவுவார்கள். பாடநூலில் நுளம்பு, அதாவது கொசு, ஒரு நோய்க்காவி. சொல் மிகப் பழையது. கா என்பது தோளில் வைக்கும் தண்டு. அதன் முனைகளில் பாரத்தைத் தொங்கவிட்டுச் சுமப்பது காவுதல். சங்க காலத்துப் பாணர்கள் தங்கள் இசைக்கருவிகளைக் காவிக்கொண்டுதான் வள்ளல்களைத் தேடி நடந்தார்கள். காவடியில் இன்றும் அந்தக் கா இருக்கிறது. முருகனுக்கு எடுக்கும் காவடிக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, அன்றாடப் பேச்சிலிருந்து நாம் உதிர்த்துவிட்டோம்.

செயல் உதிரவில்லை. சாலை போடாத மலைக்கிராமங்களில் இன்றும் ஒரு மூங்கிலில் போர்வையைக் கட்டி, வலியெடுத்த பெண்ணை அதில் படுக்கவைத்து, முன்னும் பின்னும் தோள்கொடுத்து இறக்குகிறார்கள். செய்தித்தாள்கள் அதை டோலி என்று எழுதுகின்றன. அந்தக் காட்சிக்குரிய வினைச்சொல் நம்மிடமே இருந்தது. ஈழத்தார் அதைக் காப்பாற்றி ஒரு வண்டிக்கும் பெயராக வைத்திருக்கிறார்கள்.

ஆம்புலன்ஸ் என்ற சொல்லின் கதை இதற்கு நேரெதிர்த் திசையில் தொடங்குகிறது. லத்தீனில் ஆம்புலாரே என்றால் நடத்தல். குழந்தையை வைத்துத் தள்ளும் பெராம்புலேட்டரிலும் இருப்பது அதே நடைதான். நடக்க முடியாதவரை ஏற்றும் வண்டிக்கு நடையின் பெயர் எப்படி வந்தது? பிரெஞ்சுப் படைகளோடு கூடவே இடம்மாறிய மருத்துவமனையை ‘ஓப்பித்தால் ஆம்புலான்’ என்றார்கள். நடக்கும் மருத்துவமனை என்று பொருள். அதன் வால் மட்டும் தனியே நின்று ஆம்புலன்ஸ் ஆனது. ஆக, நடந்தது நோயாளி அல்ல, மருத்துவமனை.

ஆனால் அந்த மருத்துவமனை உரிய நேரத்தில் நடக்கவில்லை. போர்க்களத்துக்கு ஒரு லீக், அதாவது நாலு கிலோமீட்டருக்கும் அப்பால்தான் அது நிற்க வேண்டும் என்பது விதி. சண்டை ஓய்ந்த பிறகு காயம்பட்டவரைத் தேடி எடுத்து அங்கே சேர்ப்பதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். 1792இல் ரைன் படையில் சேர்ந்த தொமினிக் ழான் லாரே என்ற இளம் அறுவை மருத்துவரால் இதைப் பொறுக்க முடியவில்லை. குதிரைகள் இழுத்து நொடியில் இடம்மாறும் பீரங்கிப் படையை அப்போது ‘பறக்கும் பீரங்கி’ என்பார்கள். பீரங்கி பறக்கும்போது மருந்து ஏன் பறக்கக் கூடாது? அப்படிப் பிறந்ததுதான் அவருடைய ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’. இரண்டு குதிரை பூட்டிய லேசான வண்டிகள். எகிப்தில் வண்டி ஓடாத மணலில் ஒட்டகத்தின் இருபுறமும் கூடைகள். இத்தாலியப் போர்முனைக்காக அவர் அமைத்த ஆம்புலன்ஸ் ஏறக்குறைய 340 பேர் கொண்ட அணி. சொல் அப்போது ஆட்களைக் குறித்தது. வண்டி அவர்களுடைய கருவிகளில் ஒன்று. பதவி பார்க்காமல், காயத்தின் கடுமையைப் பார்த்து யாருக்கு முதலில் சிகிச்சை என்று முடிவு செய்ததும் லாரேதான்.

1850களில் கிரீமியப் போர்க் காலத்தில் ஆங்கிலத்தில் அந்தச் சொல் சுருங்கத் தொடங்கி வண்டிக்குப் பெயரானது. பழைய பொருள் உடனே சாகவில்லை. 1877இல் இங்கிலாந்தில் தொடங்கிய செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் கற்றுக்கொடுத்தது முதலுதவியை. 1899இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் போர் மூண்டபோது காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் அணியை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஏறக்குறைய 1,100 பேர். முந்நூறு பேர் தவிர மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கரும்புக் காட்டுக்குக் கப்பலேறிய கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும். அவர்கள் அடிபட்ட சிப்பாய்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்து ஒரு நாளில் 20, 25 மைல்கூட நடந்தார்கள். ஆம்புலாரேயும் காவுதலும் ஒரே தோளில் சேர்ந்த இடம் அது.

இருபதாம் நூற்றாண்டில் சொல் வண்டியோடு நின்றுவிட்டது. 1966இல் அமெரிக்காவில் வந்த ஓர் அறிக்கை, அங்கே ஆம்புலன்ஸ் சேவையில் பாதியளவை நடத்துபவர்கள் சவ அடக்கம் செய்கிறவர்கள் என்று சொன்னது. படுக்கவைக்கத் தோதான நீள வண்டி அவர்களிடம்தான் இருந்தது! அதற்கு மறு ஆண்டே பிட்ஸ்பர்க் நகரின் கறுப்பின மக்கள் பகுதியில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற சேவை தொடங்கியது. மருத்துவர் பீட்டர் சஃபார் வேலையில்லாதிருந்த கறுப்பின இளைஞர்களுக்கு மூச்சுவழியைத் திறக்கவும் நெஞ்சை அழுத்தி உயிரூட்டவும் பயிற்சி தந்தார். மருத்துவமனை மறுபடி நடந்தது.

நம் ஊரில் அது எண்ணாக வந்தது. 2005இல் ஆந்திரத்தில் தொடங்கிய 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. கோயில் சுற்றிலும் திவ்ய தேசக் கணக்கிலும் பழகிய எண் என்பதாலோ என்னவோ, மக்கள் நாவில் சட்டென்று ஒட்டிக்கொண்டது. ‘நூத்தியெட்டுக்குப் போன் போடு’ என்பதில் அது எண். ‘நூத்தியெட்டு வந்துருச்சு’ என்பதில் பெயர்ச்சொல். இலங்கையில் 2016இல் தொடங்கி 2018இல் வடக்கே போன சுவசெரிய என்ற ஆம்புலன்ஸ் சேவைக்கு 1990 என்ற எண் இருக்கிறது.

வண்டிக்கு இத்தனை பெயர். உள்ளே இருப்பவருக்கு? ஓட்டுநரைப் ‘பைலட்’ என்கிறார்கள். மற்றவரை அலுவலக ஆங்கிலத்தில் இஎம்டி (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீசியன்) என்றும், வேலைவாய்ப்பு அறிவிப்பில் ‘மருத்துவ உதவியாளர்’ என்றும் குறிக்கிறார்கள். அந்த ‘உதவியாளர்’ எனக்கு உறுத்துகிறது. தொலைபேசியின் மறுமுனையில் ஒரு மருத்துவர் இருப்பார், உண்மைதான். ஆனால் நெடுஞ்சாலைப் பள்ளத்தில் நள்ளிரவில் இறங்குகிற கை இவருடையது. முதலில் அந்த இடம் தனக்குப் பாதுகாப்பானதா என்று பார்க்கிறார். பிறகு விழுந்து கிடப்பவர் கூப்பிட்டால் விழிக்கிறாரா, மூச்சுவழி திறந்திருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா, நாடி எப்படி, ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்கிறார். கழுத்தை அசைக்காமல் பட்டை கட்டி, பலகையில் ஏற்றி, ஆக்சிஜன் வைத்து, ஓடும் வண்டியில் மறுபடியும் எல்லாவற்றையும் பார்க்கிறார்.

இதற்கு நம் மொழியில் இருக்கும் சொல் ‘பார்’தான். நாடி பார்ப்பது சோதனை. வைத்தியம் பார்ப்பது சிகிச்சை. இரண்டுக்கும் நடுவே தமிழ் கோடு கிழிக்கவில்லை. ‘டாக்டர் பார்த்துட்டாரா?’ என்று கேட்கும்போது இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம். பாதி வழியில் பிள்ளை பிறந்தால் மறுநாள் செய்தித்தாளும் மருத்துவ உதவியாளர் ‘பிரசவம் பார்த்தார்’ என்றுதான் எழுதுகிறது. உதவினார் என்று எழுதுவதில்லை. பிள்ளையைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் பாட்டி சொல்வாள்: “ஆஸ்பத்திரி போறவரைக்கும் எங்க தாங்குச்சு? நூத்தியெட்டுல வந்த பொண்ணுதான் பார்த்துச்சு.”