டி.ஏ.டி.யும் நீட்டும்: படிப்பு நேரத்தை வகுக்கும் இரு வழிகள்

"அமெரிக்காவுல பெரியப்பா பையன் மூணே மாசம்தான் படிச்சானாம், பல் டாக்டருக்கு சீட் வாங்கிட்டான். நீ ரெண்டு வருஷமா படிக்கிற!" பிளஸ் டூ பிள்ளைகள் உள்ள சில வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது. பேசுபவர்கள் ஆற்றாமையில் சொல்லிவிடுகிறார்கள். கேட்கும் பிள்ளையோ தன் உழைப்பையே சந்தேகிக்கத் தொடங்குகிறது. அந்த ஒப்பீடு எவ்வளவு பிழையானது என்பதை விளங்கிக்கொள்ள, அமெரிக்காவில் பல் மருத்துவப் படிப்பில் சேர எழுதும் டி.ஏ.டி. தேர்வையும், இந்தியாவில் மருத்துவம், பல் மருத்துவம் படிக்க எழுதும் நீட் தேர்வையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் வேறுபாடு, எழுதுபவர் யார் என்பது. டி.ஏ.டி. எழுதுபவர் கல்லூரி மாணவர். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல் ஆகியவற்றை வகுப்பிலும் ஆய்வகத்திலும் படித்துவிட்டே தேர்வுக்கு வருகிறார். 'மூன்று மாதம்' என்பது அவர் ஏற்கெனவே படித்ததைத் திரட்டி வேகப்படுத்தும் காலம். பிளஸ் டூவோடு நீட் எழுதுபவருக்குப் பதினேழு, பதினெட்டு வயது. பாடத்தை முதன்முறையாகக் கற்பதும் போட்டிக்குப் பழகுவதும் அவருக்கு ஒரே காலத்தில் நடக்கின்றன. டி.ஏ.டி.யில் இல்லாத இயற்பியலும் அவர் தலையில் இருக்கிறது.

இரண்டாவது, தேதி. டி.ஏ.டி.யை அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் கணினி மையங்களில் ஆண்டு முழுவதும் நடத்துகிறது. எந்த நாளில் எழுதுவது என்று மாணவரே முடிவு செய்து பதிவு செய்கிறார். கட்டணம் கட்டித் தேதியை மாற்றவும் முடியும். ஆகவே அங்கே திட்டத்தின் முதல் வரி, ஒரு தேதியைத் தேர்ந்தெடுப்பது. பலர் கோடை விடுமுறையை அதற்கு ஒதுக்குகிறார்கள். பல கல்லூரிகள் விண்ணப்பங்களை வர வர எடுத்துப் பார்ப்பதால், மதிப்பெண்ணோடு முந்தி விண்ணப்பிப்பவருக்கு நன்மை உண்டு. இந்தச் சுதந்திரத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாம்' என்று தள்ளிப்போட ஆரம்பித்தால், முடிவே இல்லாமல் தள்ளிக்கொண்டு போகலாம்.

நீட்டுக்குத் தேதி அரசின் கையில். 2025ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி, பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை அது நடந்தது. 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அன்றைக்கு எழுதினார்கள். தவறினால் அடுத்த வாய்ப்பு அடுத்த ஆண்டுதான். தமிழ்நாட்டு மாணவருக்கு இதில் இன்னொரு இறுக்கம் உண்டு. அந்த ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 25ஆம் தேதி முடிந்தது. இரண்டுக்கும் நடுவே 39 நாள்தான். பொதுத்தேர்வு முடிந்தபின் நீட்டுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவருக்குக் கையில் கிடைத்தது அவ்வளவே.

மூன்றாவது, கடிகாரம். டி.ஏ.டி.யில் நான்கு பகுதிகள், 280 கேள்விகள். இயற்கை அறிவியல் 100 கேள்விகளுக்கு 90 நிமிடம், அதாவது கேள்விக்கு 54 விநாடி. கண்ணால் அளந்து வடிவம் உணரும் திறனைச் சோதிக்கும் பகுதியில் 90 கேள்விகளுக்கு 60 நிமிடம், கேள்விக்கு 40 விநாடி. வாசிப்புப் பகுதியில் 50 கேள்விகளுக்கு 60 நிமிடம், கேள்விக்கு 72 விநாடி. கணக்கில் 40 கேள்விகளுக்கு 45 நிமிடம், கேள்விக்கு ஏறக்குறைய 67 விநாடி. ஒரு பகுதியில் மிச்சம் பிடித்த நேரத்தை அடுத்த பகுதிக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வேகம் பழக வேண்டியிருக்கிறது.

நீட்டில் 2025 முதல் 180 கேள்விகள், 180 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம் என்று தோன்றும். ஆனால் விடைக்குரிய வட்டத்தை ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் நிரப்ப வேண்டும். ஒரு வட்டத்துக்கு 5 விநாடி என்று வைத்தாலே 180 வட்டங்களுக்கு 15 நிமிடம் போய்விடும். உண்மையில் யோசிக்கக் கிடைப்பது கேள்விக்கு 55 விநாடிதான். வீட்டில் கேள்வித்தாளில் மட்டும் டிக் அடித்துப் பழகியவர் தேர்வறையில் கடைசி இருபது கேள்விகளில் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மாக் டெஸ்ட் ஒவ்வொன்றையும் ஓ.எம்.ஆர். தாளோடு, அதே 2 மணி முதல் 5 மணி வரை எழுதிப் பழகினால்தான் திட்டம் முழுமையாகும்.

மூன்று மணி நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பது நீட்டில் மாணவர் விருப்பம். கேள்விகளில் பாதி, அதாவது 90, உயிரியல். அதை 50 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகியவருக்கு, வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். உயிரியலில் வேகம் கூடக் கூட இயற்பியல் மதிப்பெண் ஏறுவது இதனால்தான். டி.ஏ.டி.யில் பகுதிகளுக்கு இடையே இந்த வழி அடைபட்டிருக்கிறது.

நான்காவது, தவறான விடையின் விலை. டி.ஏ.டி.யில் மைனஸ் மார்க் கிடையாது. எனவே எந்தக் கேள்வியையும் விடையளிக்காமல் விடக்கூடாது. நீட்டில் சரியான விடைக்கு 4, தவறான விடைக்குக் கழிவு 1. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். இரண்டை உறுதியாக நீக்கிவிட்டுக் குறித்தால் ஒன்றரை. ஆகவே நீட் மாணவர் தன் படிப்பு நேரத்தில் ஒரு பங்கை, தவறான விடையை இனங்கண்டு நீக்கும் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, மனப்பாடத்தில் அடங்காத திறமை. டி.ஏ.டி.யின் வடிவ உணர்வுப் பகுதி பல் மருத்துவத்துக்கே உரியது. ஒரு சதுரத் தாளை மடித்து, மடித்த இடத்தில் துளையிட்டு, விரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும் என்று கேட்பார்கள். நான்கு கோணங்களைக் காட்டிச் சிறிதிலிருந்து பெரிது வரை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். வாய்க்குள் கண்ணாடியில் திரும்பித் தெரியும் பல்லைச் சீர்செய்யப் போகும் கைக்கு இந்தக் கண் வேண்டும். கனடாவின் பல் மருத்துவத் தேர்வில் சோப்புக் கட்டியைச் செதுக்கிக் காட்டும் பகுதியே பல ஆண்டுகள் இருந்தது. இந்தத் திறமை ஒரே நாளில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து வருவதில்லை. முதல் நாளிலிருந்து தினமும் அரை மணி நேரம் கொடுத்தால்தான் கண் பழகும். நடுவில் இரண்டு வாரம் விட்டால் வேகம் இறங்கிவிடும்.

நீட்டில் இதற்கு இணையான பகுதி இல்லை. ஆனால் இயற்பியல் கணக்குக்கு இதே குணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐம்பது கணக்குப் போடுபவரைவிட, தினமும் ஏழெட்டுக் கணக்குப் போடுபவர் உறுதியாக முன்னேறுவார். இன்னொரு கவனமும் வேண்டும். நீட் கேள்விகளில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருகின்றன. பிளஸ் டூ ஆண்டில் வாரம் ஒரு நாளாவது அதற்கு ஒதுக்காதவர், கடைசி மாதத்தில் இரண்டு ஆண்டுப் பாரத்தைச் சேர்த்துச் சுமக்க நேரும். தமிழ்வழி மாணவர் கலைச்சொற்களை இரு மொழியிலும் பழகுவதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

இத்தனை வேறுபாடுகளுக்கும் அடியில் ஒரு பொது விதி உண்டு. இரண்டு தேர்விலும் திட்டத்தைத் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வர வேண்டும். கடைசி மூன்றில் ஒரு பங்கு காலத்தில் புதுப் பாடம் எதையும் தொடாமல், நேரம் வைத்து எழுதுவதும் செய்த தவறுகளைப் பார்ப்பதுமே வேலையாக இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் தேர்வு எழுதினால், அதை அலசவும் மூன்று மணி நேரம் வேண்டும். அலசாத மாக் டெஸ்ட் வெறும் களைப்பு.

இரண்டில் எது எளிது என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ஒன்றிடமிருந்து மற்றது எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லலாம். டி.ஏ.டி. மாணவர் தான் குறித்த தேதியை, நீட் தேதியைப் போல மாற்ற முடியாததாகக் கருத வேண்டும். நீட் மாணவர் மே மாதத்துக்குக் காத்திராமல், டி.ஏ.டி. மாணவரைப் போலத் தனக்கென ஒரு தேதி குறிக்க வேண்டும். பாடம் முழுவதையும் ஜனவரி 31க்குள் முடிப்பேன் என்பது அப்படி ஒரு தேதி.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மணிக்கணக்கையும், வெளிநாட்டுப் பிள்ளையின் மாதக்கணக்கையும் உங்கள் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள். அது எழுதப்போகும் தேர்வு வேறு, அதன் கையில் இருக்கும் நாள்கள் வேறு. பிள்ளை மாக் டெஸ்ட் எழுதும் ஞாயிறு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை வீட்டில் டி.வி.யை அணைத்து வையுங்கள். அந்த மூன்று மணி நேர அமைதி அதற்குப் பெரிய உதவி.