3,000 பேருக்கு ஒருவர்: வன்னியில் கிராமிய சுகாதார சேவையின் வரலாறும் அரச நிதியும்

இலங்கையின் பொதுச் சுகாதாரத் துறையில் நெடுங்காலமாக ஓர் அளவுகோல் இருந்துவருகிறது. 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பதே அது. ஊர்மக்கள் இன்றும் ‘மிட்வைஃப் அம்மா’ என்று அழைக்கும் இந்த உத்தியோகத்தர்தான் கர்ப்பிணியின் பெயரைப் பதிவதிலிருந்து பிள்ளையின் கடைசித் தடுப்பூசி வரை பொறுப்பானவர். அளவுகோல் நாடு முழுவதற்கும் ஒன்றே. நிலம் அப்படியல்ல.

2012 குடிசன மதிப்பீட்டில், வன்னியின் ஒரு பகுதியான முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை 92,238. நிலப்பரப்பு 2,415 சதுர கிலோமீற்றர். அதாவது ஒரு சதுர கிலோமீற்றருக்கு 38 பேர். அங்கே 3,000 பேரைச் சந்திக்க ஓர் உத்தியோகத்தர் ஏறத்தாழ 80 சதுர கிலோமீற்றர் சுற்ற வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தில் அதே 3,000 பேர் 5 சதுர கிலோமீற்றருக்குள் இருக்கிறார்கள். முல்லைத்தீவுக் கணக்கில் காடும் குளமும் அடங்கும் என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்தக் காட்டையும் குளக்கட்டையும் கடந்துதான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

வன்னிக்கான சுகாதார நிதி எப்போதும் தலைகளை எண்ணியே ஒதுக்கப்பட்டது, தூரம் கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்தப் பிழை இன்று நேற்று வந்ததல்ல.

காய்ச்சல் நாடு

பிரித்தானிய ஆட்சியில் 1858இல் சிவில் வைத்தியத் திணைக்களம் தொடங்கப்பட்டது. அதன் கவனம் துறைமுக நகரங்களிலும் பெருந்தோட்டங்களிலுமே குவிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மிஷனரிகளால் வேறொரு வழி திறந்திருந்தது. 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவ நூல்களை உருவாக்கி ஒரு வைத்தியர் பரம்பரையை விட்டுச்சென்றார். வன்னிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. அங்கிருந்தவை உடைந்த குளங்கள், ஆண்டுதோறும் வந்த காய்ச்சல், உடலெங்கும் புண்ணாக்கிய பறங்கி நோய். பறங்கி நோய் குறித்து சிவில் வைத்தியத் திணைக்களத்தின் கின்சி 1881இல் தனி அறிக்கை எழுதினார். பிரித்தானிய நிர்வாக அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலிலும் நோயும் குடிசனக் குறைவும் பதிவாகியுள்ளன.

அக்கால நிர்வாகத்தின் தர்க்கத்தை இங்கே கவனிக்க வேண்டும். நோய் இருப்பதால் சனம் குறைகிறது என்று எழுதினார்கள். சனம் குறைவாக இருப்பதால் செலவழிக்க நியாயமில்லை என்று நடந்துகொண்டார்கள். இந்த வட்டத்திலிருந்து வன்னி இன்னும் முழுமையாக வெளியே வரவில்லை என்பது என் முடிவு.

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, தீவின் பொதுச் சுகாதார வரலாற்றில் பெரிய திருப்பம். ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், வீடுவீடாகச் செல்லும் மருத்துவமாதுக்கள் என்ற அமைப்பு அங்கேதான் பிறந்தது. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் எல்லாம் அதன் வழிவந்தவை. நோயாளி வரும்வரை காத்திராமல் சேவையே வீட்டுக்குப் போவது அதன் அடிப்படை. 1930களில் இலட்சம் பிறப்புக்கு 2,000ஐத் தாண்டியிருந்த தாய் மரணம் இன்று 40க்கும் கீழே வந்திருப்பதில் இந்த அமைப்புக்குப் பெரும் பங்குண்டு.

1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் கிராமப்புற டிஸ்பென்சரிகளும் சிறு வைத்தியசாலைகளும் விரைவாகப் பெருகின. ஆனால் அந்தக் கொள்ளைநோய் கடுமையாகத் தாக்கியது கேகாலை, குருநாகல் போன்ற, அதுவரை மலேரியா அதிகம் காணாத பகுதிகளை. வன்னி மக்களுக்கு மலேரியா ஆண்டுதோறும் வந்துபோன விருந்தாளி. அவர்களின் உடம்பில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி ஊறியிருந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பட்ட காய்ச்சல் எந்த அரசையும் அசைக்கவில்லை. அது தென்மேற்கைத் தொட்டபோதுதான் நிதி வந்தது.

இரணைமடுக் குளத்தின் கீழ் கிளிநொச்சிக் குடியேற்றங்கள் வளரவும், 1945க்குப் பின் டீடீடீ தெளிப்பால் மலேரியா வடியவும் வன்னியில் மீண்டும் சனம் பெருகியது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி கிடைத்துவிட்டதென்று கண்காணிப்பு தளர்ந்தது. 1960களின் இறுதியில் நோய் பெருவெள்ளமாகத் திரும்பி வந்தது.

காந்தீயம்

1977 வன்முறையில் விரட்டப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்கள் வவுனியாவைச் சுற்றிக் குடியமர்ந்தபோது, அவர்களுக்கு அரசிடம் காணியும் இல்லை, கிளினிக்கும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தது காந்தீயம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், வைத்தியர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர் நடத்திய இந்த இயக்கம் குடியேற்றங்களில் பாலர் பாடசாலை, குழந்தைகளுக்கான போசாக்குணவு, நடமாடும் மருத்துவம் ஆகியவற்றை ஒன்றாகவே கொண்டுசென்றது. 1978இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு என்று பிரகடனம் செய்ததன் சாரம் வவுனியாக் காட்டோரத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு மருந்து கொடுப்பதும் அதன் குடும்பத்துக்குக் காணி உறுதி பெற்றுக்கொடுப்பதும் ஒரே வேலை என்று அவர்கள் கண்டார்கள்.

1983 ஏப்ரலில் இராஜசுந்தரம் கைது செய்யப்பட்டார். யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். அவரோடு வன்னியின் சமூக மருத்துவத்தில் தொடங்கியிருந்த ஒரு பாதையும் அறுந்தது. நம் சுகாதார வரலாறுகளில் இந்தப் பெயர் இடம்பெறாமல் இருப்பது பெருங்குறை.

போரின் நடுவே

1990க்குப் பின் வன்னிக்கு மருந்தும் எரிபொருளும் கட்டுப்பாட்டோடுதான் வந்தன. ஆனாலும் அரச சுகாதாரக் கட்டமைப்பு அங்கே அற்றுப்போகவில்லை. சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது; மருந்து வவுனியா வழியாக வந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அவர்களின் மருத்துவ நிலையங்களும் அரச வைத்தியசாலைகளும் அருகருகே இயங்கின. வைத்தியர் பற்றாக்குறையால் பல கிராமங்களில் முழுப் பொறுப்பையும் உதவி வைத்திய அதிகாரிகளும் மருத்துவமாதுக்களும் தொண்டர்களும் சுமந்தார்கள். 1996இல் கிளிநொச்சி நகரம் வீழ்ந்தபோது வைத்தியசாலை அக்கராயனுக்கு நகர்ந்தது. கட்டடம் போனது, ஆட்கள் கூடவே போனார்கள்.

இக்காலத்தின் மிகப் பெரிய சான்று மலேரியாதான். 1999இல் நாட்டில் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா. பெரும் சுமை வடக்கிலும் கிழக்கிலும். அங்கிருந்து 2012 ஒக்ரோபரில் கடைசி உள்ளூர் நோயாளியை நாடு கண்டது; 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இடையில் நடந்தது கட்டடத் திறப்பு விழாக்கள் அல்ல. போர் நடந்த மாவட்டங்களிலேயே உள்ளூர்ப் பணியாளர்கள் மருந்து தெளித்தார்கள், நுளம்பு வலை கொடுத்தார்கள், காய்ச்சல்காரரின் இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துப் பரிசோதித்தார்கள். நிரந்தரமாக ஊரில் நிற்கும் ஆளுக்குச் செலவழித்த பணம் என்ன தரும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

2009இன் முதல் ஐந்து மாதங்கள் எழுதக் கை நடுங்குபவை. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்கானது. பெப்ரவரி 4ஆம் திகதி சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு நோயாளர் அங்கிருந்து புதுமாத்தளனுக்கு மாற்றப்பட்டார்கள். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களான ரி. சத்தியமூர்த்தி, ரி. வரதராஜா ஆகியோரும் அவர்களுடன் நின்ற வைத்தியர்களும் தாதியரும் பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள்களின் கீழும் முள்ளிவாய்க்கால் வரை வைத்தியம் செய்தார்கள். பெப்ரவரி 10 முதல் மே வரை செஞ்சிலுவைக் கப்பல்கள் காயப்பட்டோரையும் துணையாக வந்தோரையுமாக 13,000க்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றன. பின்னர் ஏறத்தாழ 280,000 பேர் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் கிளினிக் நாளொன்றில் இருந்தேன். பொதுநோக்கு மண்டபத்தின் வளையில் குழந்தை நிறுக்கும் தராசு தொங்கியது. உத்தியோகத்தர் ஸ்கூட்டரின் பின்னால் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், பொலித்தீன் உறைக்குள்ளிருந்து இரண்டு பதிவேடுகளை எடுத்தார். ஒன்று புதியது. மற்றது 2008இல் பிறந்த மூத்த பிள்ளையினுடையது, ஓரம் செம்மண் நிறமாகிப்போனது. முதல் ஊசி கிளிநொச்சியில், அடுத்தது தர்மபுரத்தில், அதற்கடுத்தது செட்டிகுளத்தில். மூன்று வேறு கையெழுத்துகள். “இதை மட்டும் விடேல்லை” என்றார். அந்தப் பக்கத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இடத்திலும் எழுத ஒருவர் இருந்திருக்கிறார்.

கட்டடமும் ஆளணியும்

மீள்குடியேற்றத்துக்குப் பின் வன்னிக்குக் கட்டடங்கள் வந்தன. அவை தேவையானவை, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உதவி வழங்குவோர் மூலதனச் செலவைத்தான் விரும்புகிறார்கள். கட்டடச் சுவரில் பெயர்க்கல் பதிக்கலாம். குடும்பநல உத்தியோகத்தரின் பெற்றோல் செலவுக்கு யாரும் கல் பதிப்பதில்லை. அந்த மீண்டுவரும் செலவினம் அரசின் தலையில்தான் விழ வேண்டும், அங்கேதான் கைவிரிப்பு நடக்கிறது.

நிர்வாகச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி கிராமிய சுகாதார சேவை மாகாண சபையின் பொறுப்பு. போதனா வைத்தியசாலைகளும் வைத்தியர் நியமனங்களும் மத்திய அமைச்சிடம். 2013இல் மக்கள் தெரிவுசெய்த வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின், நெடுங்கேணிக்கோ துணுக்காய்க்கோ வைத்தியர் இல்லையென்றால் யாரிடம் கேட்பது என்பதே மக்களுக்குப் புரியவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர்களின் வெளிநாட்டுப் பயணமும் முதலில் காலியாக்கியவை இத்தகைய விளிம்பு நிலையங்களையே. சுகாதாரத் தொண்டர்களாகப் பல ஆண்டு உழைத்தவர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நின்றதையும் நாம் பார்த்தோம்.

நோய்களும் மாறிவிட்டன. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து எடுக்க, வயோதிபர்கள் விடிய முன் முதல் பஸ் பிடித்து மாவட்ட வைத்தியசாலைக்குப் போகிறார்கள். ஊரில் உள்ள நிலையத்தில் மருந்து இருக்குமென்ற நம்பிக்கை இல்லை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காரணம் முழுதாக விளங்காத சிறுநீரக நோய் விவசாயிகளைத் தாக்குகிறது. அதை முளையிலேயே கண்டுபிடிக்க வேண்டியது கிராமிய நிலையம்தான். வயலில் புடையன் கடித்தவருக்கு நேரமே உயிர். 2012–13இல் நடந்த தேசிய ஆய்வு நாட்டில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாவதாக மதிப்பிட்டது. 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் இயங்கும் அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது பெரிய உதவிதான். ஆனால் அம்புலன்ஸ் கொண்டுபோய்ச் சேர்க்கும் பக்கத்து வைத்தியசாலையில் விஷமுறிவு மருந்தும் அதை ஏற்றத் தெரிந்த வைத்தியரும் இரவிலும் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், அதே ஊர்ப் பெண்கள் பயிற்சி பெற்று வீட்டுக்கே சென்று இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், நீரிழிவு மருந்தைக் கையில் கொடுக்கிறார்கள். இது வன்னிக்குப் புதிய யோசனையல்ல. களுத்துறை மாதிரியும் காந்தீயமும் செய்ததன் தொடர்ச்சிதான். இலங்கை அரசும் 2018இல் உலக வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனோடு ஆரம்ப சுகாதார சேவையை வலுப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. கொள்கை காகிதத்தில் இருக்கிறது. விடுபட்டது தூரக் கணக்கு.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியது தெளிவானது. வன்னியில் ஆளணியைத் தீர்மானிக்கும்போது சனத்தொகையோடு நிலப்பரப்பையும் சேர்க்க வேண்டும். எரிபொருள், வாகனத் திருத்தம், தங்குமிடம் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும். நாட்பட்ட நோய்களுக்கான மருந்து ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்களில் மாதம் தவறாமல் இருக்க வேண்டும். தகுதியுள்ள சுகாதாரத் தொண்டர்களைப் பயிற்றுவித்து நிரந்தரமாக்க வேண்டும்.

முதல் கோரிக்கையின் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2012 மதிப்பீட்டின்படி கிளிநொச்சி 113,510 பேர். முல்லைத்தீவு 92,238 பேர். இந்த இரு மாவட்டங்களுக்கும் 3,000 பேருக்கு ஒருவர் என்பதை 1,500 பேருக்கு ஒருவர் என்று மாற்றினால், மேலதிகமாக வேண்டிய குடும்பநல உத்தியோகத்தர்கள் 69 பேர். பின்னர் கூடிய சனத்தொகைக்கும் வவுனியா வடக்குக்கும் இன்னும் சிலரைச் சேர்க்கலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 604 பில்லியன் ரூபாய். அத்தகைய ஒதுக்கீட்டிலிருந்து இந்த 69 பேருக்கான சம்பளத்தையும் பெற்றோல் செலவையும் அடுத்த நிதியாண்டிலேயே ஒதுக்குமாறு சுகாதார அமைச்சையும் நிதி ஆணைக்குழுவையும் வன்னியின் மக்கள் பிரதிநிதிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.