வாளி மாதிரி: மண் ஈரமும் காலநிலைக் கணிப்பும்

வாளி மாதிரி என்பது, மண்ணின் ஈரம் தரைக்கும் காற்றுக்கும் இடையிலான ஆற்றல் பரிமாற்றத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதைக் காலநிலை மாதிரிகளில் கணக்கிடத் தொடக்கத்தில் பயன்பட்ட எளிய முறை ஆகும்.

நிலம் பெறும் நிகரக் கதிர்வீச்சில் ஒரு சிறு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. எஞ்சியது இரண்டு வழிகளில் காற்றை அடைகிறது. நீரை ஆவியாக்கச் செலவாவது உள்ளுறை வெப்பம். காற்றை நேரடியாகச் சூடாக்குவது உணர் வெப்பம். 1 கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. மண் வறண்டால் இந்தச் செலவு இல்லை. அந்த ஆற்றலும் தரையையும் காற்றையுமே சூடாக்கும். கோடை மாலையில் நீர் தெளித்த வாசல் குளிர்வதும் இதனால்தான்.

அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய அறிவியலாளர் சியுகுரோ மனாபே, சோவியத் அறிஞர் மிகைல் புடிகோவின் கருத்தைத் தழுவி, 1969இல் இதைத் தம் மாதிரியில் சேர்த்தார். நிலத்தின் ஒவ்வொரு கட்டமும் 15 செ.மீ. நீர் கொள்ளும் ஒரு வாளி. மழை அதை நிரப்பும், நிரம்பினால் மிகுதி வழிந்தோடும். முக்கால் வாளிக்கு மேல் நீர் இருந்தால் ஆவியாதலுக்குத் தடையில்லை. அதற்குக் கீழே போனால், நீர் குறையும் விகிதத்தில் ஆவியாதலும் குறையும். சகாராவுக்கும் அமேசானுக்கும் ஒரே அளவு வாளி! அன்றைய கணினிகளுக்கு அதுவே பெரிய வேலை. காலநிலை மாதிரி ஆய்வுகளுக்காக மனாபே 2021இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மண் ஈரத்தின் வலிமையை வெளிப்படையாகக் காட்டியது 1982இல் ஜகதீஷ் சுக்லா, யேல் மின்ட்ஸ் இருவரும் வெளியிட்ட சோதனை. உத்தரப் பிரதேசத்தில் பிறந்த சுக்லா பருவமழை ஆய்வுக்குப் பெயர் பெற்றவர். உலகின் நிலம் முழுவதும் எப்போதும் ஈரமாக இருப்பதாக ஒருமுறையும், ஆவியாதலே இல்லாத வறண்ட நிலமாக மறுமுறையும் வைத்து, ஜூலை மாத வானிலையைக் கணக்கிட்டனர். வறண்ட உலகில் பெரும்பாலான நிலப்பகுதிகள் 15 முதல் 25 பாகை செல்சியசு வரை கூடுதலாகச் சூடேறின. ஐரோப்பாவில் மழை ஏறக்குறைய நின்றுபோனது. இந்தியாவிலோ, கடல் தந்த ஈரத்தால் மழை தொடர்ந்தது.

வாளியின் பெரிய குறை, அதில் செடிகொடிகள் இல்லை என்பதே. நீர் பற்றாக்குறையின்போது தாவரங்கள் இலைத்துளைகளைச் சுருக்கி நீராவிப்போக்கைக் கட்டுப்படுத்துகின்றன. வாளிக்கு இது தெரியாது. 1978இல் ஜேம்ஸ் டியர்டார்ஃப் தாவரப் போர்வையைக் கணக்கில் சேர்த்தார். 1986இல் பியர்ஸ் செல்லர்சும் உடன் ஆய்வாளர்களும் இலைத்துளைத் தடையை உள்ளடக்கிய எளிய உயிர்க்கோள மாதிரியை உருவாக்கினர். செல்லர்ஸ் பின்னர் விண்வெளி வீரராகி மூன்று முறை விண்ணுக்குச் சென்றார்.

2004இல் 12 மாதிரிகளை ஒப்பிட்ட ராண்டல் கோஸ்டர் குழுவினர், கோடை மழை மண் ஈரத்தை மிகுதியாகச் சார்ந்துள்ள பகுதிகளாக வட அமெரிக்கச் சமவெளி, ஆப்பிரிக்காவின் சாகேல், இந்தியா ஆகியவற்றைக் குறித்தனர். சுக்லாவின் முடிவுக்கு இது முரண் அன்று. மழைக்கான நீர் பெரும்பாலும் கடலிலிருந்து வந்தாலும், அதன் ஏற்ற இறக்கத்தில் மண்ணுக்கும் பங்குண்டு.

2009இல் ஐரோப்பாவின் சுமோஸ், 2015இல் நாசாவின் சுமாப் செயற்கைக்கோள்கள் மண் ஈரத்தை அளக்க ஏவப்பட்டன. இவை உணர்வது மேல்மண்ணில் ஏறத்தாழ 5 செ.மீ. ஆழம் வரை மட்டுமே. வேர்கள் நீர் உறிஞ்சும் ஆழத்தின் ஈரத்தை அறிய மாதிரிகளின் துணை இன்றும் தேவைப்படுகிறது.