பர்மாவிலிருந்து போன பழுப்புப் பூனை



சென்ற வாரம் மெல்போர்னிலிருந்து நான் போட்ட படத்தில் என் தோளில் உட்கார்ந்திருந்த பூனையைப் பற்றி நிறைய பேர் விசாரித்துவிட்டீர்கள். "எங்களைத் தவளை அறுக்கச் சொல்லி விரட்டின சாரா இது?" என்று ஒருவன். "பர்மீஸ் பூனைன்னா பர்மா பஜார்ல வாங்கினதா சார்?" என்று இன்னொருவன். கடைசி பெஞ்சுக்காரன் கடைசி வரை கடைசி பெஞ்சுதான். பர்மா பஜார் 1969-இல் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம்மவர்களுக்காக ஏற்பட்டது. இந்தப் பூனை போனது வேறு திசை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும். நாற்பத்தைந்து நிமிடப் பீரியட் எடுத்தே பழக்கப்பட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜோசப் தாம்சன் என்று ஒரு அமெரிக்கர். கடற்படையில் டாக்டராக இருந்தவர். பாம்பு, பல்லி ஆராய்ச்சியும் செய்வார், பௌத்தமும் படிப்பார், பிறகு சான் பிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவமும் பார்த்தார். 1930-இல் பர்மாவிலிருந்து ஒரு பெட்டைப் பூனை அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதன் பெயர் வோங் மாவ். குட்டை முடி, வாதுமைக் கொட்டைப் பழுப்பு நிறம், முகமும் காதும் வாலும் சற்றுக் கூடுதல் கருப்பு. பார்த்தவர்கள் "இது நிறம் கெட்ட சயாமீஸ் பூனை" என்று ஒதுக்கினார்கள். தாம்சன் ஒதுக்கவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினார்.

அமெரிக்காவில் வோங் மாவுக்கு ஜோடி கிடையாது. அதனால் டாய் மாவ் என்ற சயாமீஸ் கடுவனோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளில் சில அப்பாவைப் போல அசல் சயாமீஸ், சில அம்மாவைப் போலப் பழுப்பு. பிறகு அந்தப் பழுப்பு மகன்களில் ஒன்றையே தாயோடு சேர்த்தார். இப்போது மூன்று வகைக் குட்டிகள் வந்தன: சயாமீஸ், வோங் மாவ் மாதிரி, அப்புறம் இதுவரை அமெரிக்காவில் யாரும் கவனித்திராத ஒரே சீரான அடர் பழுப்பு.

என் விலங்கியல் மாணவர்களுக்கு இந்நேரம் பட்டாணிச் செடி ஞாபகம் வந்திருக்க வேண்டும். 1:2:1. வோங் மாவ் அசல் பர்மீஸே இல்லை, பர்மீஸ் ஜீன் ஒன்று, சயாமீஸ் ஜீன் ஒன்று சுமந்த கலப்பு. இன்றைக்கு அந்தக் கலப்புக்கு டாங்கினீஸ் என்று தனிப் பெயர். ஓர் இனத்தின் ஆதித் தாயே அந்த இனத்தில் சேர்த்தி இல்லை! தாம்சனும் மூன்று சகாக்களும் இதை மரபியல் கட்டுரையாகவே எழுதினார்கள். அது வெளிவந்த 1943-இலேயே தாம்சன் காலமானார்.

நிறத்தின் சூட்சுமம் டைரோசினேஸ் என்ற நொதியில் இருக்கிறது. சயாமீஸ் பூனையில் அது உடம்புச் சூட்டில் சரியாக வேலை செய்யாது. காது, மூக்கு, வால், பாதம் போன்ற குளிர்ந்த இடங்களில் மட்டும் கருப்பை உண்டாக்கும். பர்மீஸில் அதே கோளாறு கொஞ்சம் லேசு, அவ்வளவுதான். தாய்லாந்தின் பழைய பூனைச் சுவடிகளில் செம்பு நிறப் பூனை ஒன்றுக்கு 'சுபலக்' என்று பெயர் உண்டு. நம் 'சுபலட்சணம்'தான் அந்தச் சொல். ஆக, தாம்சன் செய்தது படைப்பு இல்லை, அங்கே வெகுகாலமாக இருந்ததைப் பிரித்துக் காட்டினார்.

1936-இல் அமெரிக்கப் பூனைச் சங்கம் இதைத் தனி இனமாக ஏற்றது. ஆனால் பூனைகள் போதாமல் வளர்ப்போர் திரும்பத் திரும்பச் சயாமீஸோடு கலக்கவே, 1947-இல் அங்கீகாரத்தை நிறுத்தி வைத்தார்கள். கலப்பைக் குறைத்த பிறகு 1950-களில்தான் அது திரும்பக் கிடைத்தது. பிரிட்டனுக்கு ஒரு சில பூனைகள் போய், 1952-இல் அங்கேயும் அங்கீகாரம் வந்தது. ஆஸ்திரேலியப் பூனைகள் அந்த பிரிட்டிஷ் வழி.

இனி நம் வீட்டுப் பூனை. பெயர் மிளகு. வயது பத்து. பூனை என்றால் ஒதுங்கி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது நாய் மாதிரி வாசலுக்கு வந்து கூப்பிடும், காகிதத்தை உருட்டி எறிந்தால் கவ்விக்கொண்டு வந்து காலடியில் போடும், நான் நிறுத்தினால் கரகரத்த குரலில் திட்டும். பார்க்க ஒல்லி, தூக்கினால் அம்மிக் குழவி. முடிக்குப் பெரிய பராமரிப்பு இல்லை, ஈரக்கையால் தடவிவிட்டாலே உதிர்ந்த முடி வந்துவிடும். தனியாக விட்டால்தான் ஆகாது. மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போனபின் பகல் முழுக்க நான்தான் அதற்குத் துணை. சரி, எனக்கும் அதுதான்.

மார்ச்சில் மிளகு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் இருந்ததை முதலில் கவனித்தது நான். மணல் தட்டு ஒரு நாளில் நனைந்துபோனது. சாப்பிட்டும் இளைத்தது. ஒரு நாள் ஜன்னல் திண்டுக்குத் தாவி, எட்டாமல் விழுந்தது. பிறகு பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து நடந்தது. இருபது வருடமாகச் சர்க்கரையோடு வாழ்பவனுக்கு டாக்டர் சொல்லியா தெரிய வேண்டும்? ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் பர்மீஸ்களுக்கு மற்றப் பூனைகளைவிடச் சர்க்கரை அதிகம் வருகிறது. அமெரிக்க பர்மீஸ்களில் அப்படித் தெரியவில்லை. ஒரே வோங் மாவின் வம்சம்தான், ஆனால் வழி பிரிந்தபோது யார் எதை எடுத்துப்போனார்கள் என்பதில் வித்தியாசம். அமெரிக்கக் கிளையின் வினை வேறு. 1970-களில் அங்கே உருண்டை முகம், குட்டை மூக்குக் குட்டிகளுக்குக் கண்காட்சியில் பரிசு மேல் பரிசு. அந்த முகத்தைக் கொடுத்த ஜீன் ஒன்று இருந்தால் அழகு. இரண்டும் சேர்ந்தால் தலை உருக்குலைந்து, பிழைக்க முடியாத குட்டி. அப்படி இரண்டு பரிசுப் பூனைகளைச் சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு அந்தக் கதி. மறுபடியும் அதே 1:2:1. முப்பது வருடம் அதைக் கரும்பலகையில் எழுதி, "மார்க் எளிதாக வரும் கேள்வி" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த '1' ஒரு உயிர் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதாக ஞாபகம் இல்லை. இப்போது ஜீன் பரிசோதனை இருக்கிறது, ஜோடி சேர்க்குமுன் பார்த்துவிடலாம்.

மிளகு விஷயத்தில் பழி முழுவதையும் வம்சத்தின் மேல் போட்டுவிட முடியாது. எடை கூடினால் ஆபத்தும் கூடும். மத்தியானம் நான் சாப்பிடும்போது அது மடியில் கை வைத்துப் பார்க்கும். அதன் உலர் தீனியில் ஒரு பிடி, எனக்குத் தெரிந்து மட்டும், தினமும். பேத்தி "தாத்தா, எதனால மிளகுக்கு இப்படி ஆச்சு?" என்று கேட்டபோது முதலில் ஜீனைத்தான் சொன்னேன். அன்று ராத்திரி அவளை எழுப்பி மீதியையும் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தீனி டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றியிருந்தாள்.

இப்போது மாவுச்சத்து குறைந்த ஈரத்தீனி மட்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு இன்சுலின் ஊசி, பிடரித் தோலை மெல்லத் தூக்கி. சீக்கிரம் கண்டுபிடித்துக் கட்டுப்படுத்தினால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை திரும்பும் என்கிறார் டாக்டர். மனிதர்களில் என் போன்றவர்களுக்கு அந்த யோகம் குறைவு. ஆறு வாரம் ஆகிறது. நேற்று ஜன்னல் திண்டுக்குத் தாவியது. எட்டியது.

என் விசா அடுத்த மாதம் முடிகிறது. பகல் துணைக்கு என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. பேத்தி பள்ளிக்கூடம் போகுமுன் ஊசி போடப் பழகிக்கொண்டிருக்கிறாள். எனக்கு நடுங்கும் கை அவளுக்கு நடுங்கவில்லை.

மணி ஏழாகப் போகிறது. ஊசிக்கு முன் அது சாப்பிட வேண்டும். காகிதப் பந்தோடு காலடியில் நிற்கிறது. மற்றதைக் கேள்வியாகக் கேளுங்கள், இரவு பதில் எழுதுகிறேன்.