வெளியேறுதலின் நிபந்தனைகள்: ஒட்டாவா முதல் பாங்காக் வரை, ராஜபாளையம் வழியாக

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் அரைமணி. ஒரு முனையில் நூற்பாலைகள், மறுமுனையில் கைத்தறிகள். நூல் இல்லாமல் தறி இல்லை. ஆகவே இரண்டு ஊரின் நலனும் ஒன்றுதானே என்று தோன்றும். நூல் விலை ஏறினால் ஆலைக்கு ஆதாயம், தறிக்காரருக்கு அடி. இறங்கினால் கதை தலைகீழ். இரண்டுக்கும் பின்னால் கரிசல் காட்டில் பருத்தி போட்டவர் நிற்கிறார். அவர் கணக்கு வேறே: பருத்தி விலை ஏறணும். ஆகவே ‘தேசத்தின் வர்த்தக நலன்’ என்று யாராவது பேச ஆரம்பித்தால், இந்த மூன்று பேரில் யாருடைய நலன் என்று கேட்டுவிட்டு மேலே போவது நல்லது.

ஒரு நாடு ஒரு வர்த்தகக் கூட்டிலிருந்து விலகுவதா கூடாதா என்னும் விவாதத்தை நம் காலத்தில் பிரபலமாக்கியது பிரிட்டன். 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது என்று அங்கே மக்கள் வாக்களித்தார்கள். எந்த நிபந்தனைகளில் விலகுவது என்று வந்தபோது 2019இன் முதல் மூன்று மாதங்களில் மூன்று தடவை பாராளுமன்றம் ஒப்பந்தத்தைத் தோற்கடித்தது. 2020 ஜனவரி 31 அன்றுதான் வெளியேற முடிந்தது. ‘வெளியேறு’ என்பது ஒரே சொல். அதன் நிபந்தனைகள் நூற்றுக்கணக்கான பக்கம். அரசியல் அந்தப் பக்கங்களுக்குள்தான் இருக்கிறது. இதே பிரிட்டன் தனக்காகக் கட்டிய ஒரு வர்த்தகக் கூட்டிலிருந்து வெளியேறுவது பற்றி அதற்கு எண்பது வருஷத்துக்கு முன்பே நம்ம ஆட்கள் விவாதித்து வாக்களித்திருக்கிறார்கள். நாமோ அதைச் சுத்தமாக மறந்துவிட்டோம்.

1932இல் கனடாவின் ஒட்டாவா நகரில் பேரரசின் பொருளாதார மாநாடு கூடியது. உலகப் பொருளாதார மந்தத்தின் உச்சக்கட்டம் அது. பேரரசுக்குள் இருக்கும் நாடுகள் ஒருவருக்கொருவர் தீர்வையில் சலுகை தரவேண்டும், வெளியாருக்கு வேலி போடவேண்டும் என்பது ஏற்பாடு. சர் அதுல் சாட்டர்ஜி தலைமையில் போன இந்தியத் தூதுக்குழுவில் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். ஒப்பந்தப்படி பலவகை பிரிட்டிஷ் சரக்குகளுக்கு இந்தியா 10 சதவீதமும், சில மோட்டார் வாகனங்களுக்கு 7.5 சதவீதமும் தீர்வைச் சலுகை கொடுத்தது. பதிலுக்கு நம் தேயிலை, தோல், ஆளிவிதை போன்றவற்றுக்கு அங்கே சலுகை. பருத்திக்குக் கிடைத்ததோ, லங்காஷயரில் இந்தியப் பருத்தியின் உபயோகத்தைப் பெருக்க ஒத்துழைப்போம் என்கிற வாக்குறுதி மட்டும்தான். காங்கிரஸ் இல்லாத மத்திய சட்டசபை அந்த வருஷக் கடைசியில் இதற்குச் சம்மதம் கொடுத்தது. மூன்று வருஷம் கழித்து மறுபடியும் பரிசீலிக்கலாம் என்று பேச்சு.

1934 தேர்தலில் காங்கிரஸ் உள்ளே வந்தது. சண்முகம் செட்டியார் அந்தத் தேர்தலில் தோற்றார். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி சேர்ந்த தொகுதியிலிருந்து போனவர் ராஜபாளையத்தின் பூ.ச. குமாரசுவாமி ராஜா, பிற்பாடு 1949இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனவர். அன்றைய வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ள ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டுமே. ஆக, ராஜபாளையத்துக்காரர் அந்தச் சபையில் இருந்தார் என்றால், தறிக்காரர் அவரை அனுப்பினார் என்று அர்த்தமில்லை.

1936 மார்ச் கடைசியில் ஒட்டாவா விவாதத்துக்கு வந்தது. ஜின்னா கொண்டுவந்த திருத்தம், ஒப்பந்தத்தைத் தாமதமின்றி முடித்துக்கொள்ள வேண்டும், பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளோடு தனித்தனி இருதரப்பு ஒப்பந்தங்கள் சாத்தியமா என்று ஆராயவேண்டும் என்றது. காங்கிரஸ் ஆதரவோடு அது நிறைவேறியது. கவனியுங்கள்: வெளியேறிய பிறகு என்ன என்பதும் அந்த வாக்கெடுப்புக்குள்ளேயே இருந்தது. மே மாதத்தில் அரசாங்கம் 6 மாத நோட்டீஸ் கொடுத்தது. வெளியேறியாச்சு என்றுதானே நினைப்போம்? நோட்டீஸ் காலம் முடிந்ததும், புது ஒப்பந்தம் வரும்வரை பழைய சலுகைகள் அப்படியே தொடரும் என்று ஒரு இடைக்கால ஏற்பாடு செய்துகொண்டார்கள். பேருக்கு வெளியேற்றம்; தீர்வைப் பட்டியலில் அதே ஒட்டாவா.

புது ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை மூன்று வருஷம் இழுத்தது. அரசாங்கம் ஆலோசகர்களை நியமித்தது: ஜி.டி. பிர்லா, கஸ்தூர்பாய் லால்பாய், புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் முதலியோர். லங்காஷயர் கேட்ட சலுகைகளை இவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த மேசையில் ஒரு நெசவாளி இல்லை. ஒரு கரிசல் விவசாயி இல்லை.

1939 மார்ச் 20 அன்று லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் விதிகள் சுவாரசியமானவை. லங்காஷயர் துணிக்கான தீர்வை குறையும். எவ்வளவு துணி வருகிறது என்பதைப் பார்த்து அது ஏறி இறங்கும். பதிலுக்கு லங்காஷயர் நம் பருத்தியில் முதல் வருஷம் 5 லட்சம் பேல், பிறகு 6 லட்சம் வரை எடுக்கவேண்டும். துணிக்குப் பருத்தி. அதாவது ஆலையின் நலனை விட்டுக்கொடுத்துப் பருத்திக்காரரின் நலனை வாங்குவது போல ஒரு தராசு. சட்டசபை இதைத் தோற்கடித்தது. வைஸ்ராய் தன் விசேஷ அதிகாரத்தால் சான்றளித்து அதைச் சட்டமாக்கினார். வாக்கு நமக்கு, முடிவு அவருக்கு.

தேசியவாதப் பெருங்கதையாடல் இதை ‘இந்தியாவுக்கும் லங்காஷயருக்கும் நடந்த சண்டை’ என்று எழுதி முடித்துவிடும். அது பொய்யில்லை; ஆனால் பாதிதான். ராஜபாளையம் மில்ஸ் கம்பெனியாகப் பதிவானது அதே 1936இல். பி.ஏ.சி. ராமசாமி ராஜா அதைத் தொடங்கினார். தென்னாட்டு ஆலைகளில் பெரும்பாலானவை துணி நெய்யவில்லை, நூல்தான் நூற்றன. அந்த நூலை வாங்கியவர்கள் கைத்தறிக்காரர்கள். வெளிநாட்டு நூலுக்கு 1922இலேயே தீர்வை வந்தாயிற்று. 1927இல் அது ராத்தலுக்குக் குறைந்தது ஒன்றரை அணா என்று ஆனது. ஆலைக்கு இது பாதுகாப்பு. மெல்லிய ரகத்துக்கு வெளிநாட்டு நூலை நம்பியிருந்த தறிக்கு இதுவே சுமை. அந்நிய வேலியைப் பிடுங்கியபோது உள்நாட்டு வேலி ஒன்று எழும்பியதை நாம் பேசுவதே இல்லை. பிர்லாவின் எதிர்ப்பும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறிக்காரரின் எதிர்ப்பும் ஒன்று என்று எப்படிச் சொல்வது? அவரை யாரும் கேட்கவில்லையே!

சுதந்திரம் வந்தது. சண்முகம் செட்டியார் 1947இல் முதல் நிதியமைச்சர் ஆனார். ஒட்டாவா கறை கழுவப்பட்டுவிட்டது. பிறகு 1991இல் டங்கல் வரைவு. சிறுபத்திரிகைகளில் நாம் தொண்டை வறளக் கத்தினோம். 1994 ஏப்ரல் 15 அன்று மரக்கேஷில் கையெழுத்து, 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக நிறுவனம். சர்வதேச ஒப்பந்தம் போட அரசாங்கம் பாராளுமன்றத்தின் முன்சம்மதம் வாங்கவேண்டும் என்று நம் அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அடிமை நாட்டின் சட்டசபை வாக்கெடுத்தது, வைஸ்ராய் அதை மீறினார். சுதந்திர நாட்டில் மீறவேண்டிய அவசியமே இல்லை. வாக்கெடுப்பு இருந்தால்தானே மீறுவதற்கு?

2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டில் சேரமாட்டோம் என்று இந்தியா அறிவித்தது. 2012இலிருந்து பேசிவந்த கூட்டு அது. சேர்ந்து விலகியதல்ல, வாசல்வரை போய்த் திரும்பியது. நியூசிலாந்தின் பால் பவுடர் குவியும் என்று பால் உற்பத்தியாளர்கள் நாடெங்கும் போராடியது இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதே வருஷம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். மாடு வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் பால் விலையைக் காக்காது. அதைக் காத்தது அந்தப் போராட்டம். இது வெற்றிதான், மறுக்கவேண்டியதில்லை.

ஆனால் இந்தியா அங்கே கேட்ட நிபந்தனைகள் என்ன? தீர்வைக் குறைப்பைக் கணக்கிட 2014க்குப் பதில் 2019ஐ அடிப்படை ஆண்டாகக் கொள்ளவேண்டும், இறக்குமதி ஒரு அளவைத் தாண்டினால் தீர்வை தானாகவே உயரவேண்டும் என்பவை அவற்றுள் சில. இவை கிடைத்திருந்தால் சேர்ந்திருப்போமா? கிடைத்திருந்தால் பால்காரர் கதி, தறிக்காரர் கதி என்ன? ஏழு வருஷமும் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரவேயில்லை. சேரவில்லை என்ற செய்தி மட்டும் நமக்குக் கொண்டாட்டமாக வந்தது. மீதி 15 நாடுகள் 2020 நவம்பரில் கையெழுத்திட்டன. 2022 ஜனவரி 1 அன்று கூட்டு நடைமுறைக்கு வந்தது.

வெளியே நின்றதால் தராசு நின்றுவிடவில்லை. 2021இல் இறக்குமதிப் பருத்திக்குத் தீர்வை போட்டார்கள், செஸ் எல்லாம் சேர்த்து 11 சதவீதம். விவசாயிக்கு அது அனுகூலம். 2022இல் சில மாதங்களுக்கு விலக்கினார்கள். ஆலைக்கு அது அனுகூலம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டதும் மறுபடி விலக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு அரசாணை, அவ்வளவுதான். எந்தக் கிராமசபையில் கேட்டார்கள்? எந்தக் கூட்டுறவு நெசவாளர் சங்கத்தில் தீர்மானம் வாங்கினார்கள்?

1936இன் பாடம் என்று ஒன்றைச் சொல்லலாமென்றால் இதுதான்: வெளியேறும் உரிமைக்குப் போராடுவது பாதி வேலை. வரைவைப் பார்க்கும் உரிமை, அதன் மீது வாக்களிக்கும் உரிமை, அந்த வாக்கு கட்டுப்படுத்தும் என்ற உத்தரவாதம், இந்த மூன்றும் இல்லாத வெளியேற்றத்தில் ஒட்டாவா வேறு பேரில் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அடுத்த ஒப்பந்தத்தை எதிர்க்கும்போது ‘வேண்டாம்’ என்பதோடு நிறுத்தாமல், ‘காட்டு’ என்றும் கேட்போம். அந்தக் கேள்வியை ராஜபாளையத்தில் கேட்பவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்பவரும் ஒரே பதிலை விரும்பமாட்டார்கள். அந்த முரண்பாட்டை மூடிவைக்காமல் பேசுகிற இடத்தில்தான் நம் அரசியல் தொடங்கமுடியும்.