கண்புரை ஆபரேஷனுக்கு காத்திருக்கும் பெரியவர்கள்... அதுவரை வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும்?

"பருத்தி எடுப்பு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல் கிராமங்களில் கண்புரை ஆபரேஷன் தள்ளிப்போக இந்த ஒரு பேச்சு போதும். இந்த இடைவெளியில்தான் ஆபத்து. தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், கண் ஆபரேஷனும் சேர்ந்தே தள்ளிப்போகும்.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை. பார்வை மங்குவதோடு, நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதும் சிரமமாகும், வெளிச்சம் கூசும். அதனால் "பெரிய பல்பா மாட்டிட்டா போச்சு" என்பது பாதிதான் சரி. கண்ணுக்கு நேரே எரியும் எல்இடி பல்பு இன்னும் கூசத்தான் செய்யும். உட்காரும் இடத்தில் தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விழட்டும். கழிப்பறை கொல்லைப்பக்கம் தனியாக இருந்தால், அங்கே ஒரு பல்பும், கட்டில் பக்கத்திலேயே அதற்கு சுவிட்சும் அவசியம். முடியாவிட்டால் தலையணைப் பக்கம் டார்ச் லைட். உச்சி வெயிலில் வெளியே போய்விட்டு வந்ததும் இருட்டு அறைக்குள் நுழைய வேண்டாம். திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

படியும் சோறும்

சிமெண்ட் தரை, சிமெண்ட் படி, எல்லாம் ஒரே நிறம் என்றால் படி எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 2 அங்குல அகலத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிடுங்கள். நாம் சொல்வதிலேயே செலவு குறைவு, பலன் அதிகம் இதில்தான். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாது, வாழை இலையில் நன்றாகவே தெரியும். கேஸ் அடுப்பின் திருகில் 'ஆஃப்' இருக்கும் இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வையுங்கள்.

சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டையும் வேறு வேறு நிற டப்பாவில் போடுங்கள். மாறிப்போய் சுகர் ஏறினால் ஆபரேஷன் தேதியே மாறலாம்.

இன்னொரு விஷயம், வீட்டை அடிக்கடி மாற்றி அடுக்காதீர்கள். பார்வை மங்கியவர் நடப்பது பாதி ஞாபகத்தில்தான். கட்டில், தண்ணீர்க் குடம் போட்ட இடத்திலேயே இருக்கட்டும். ஆட்டுக்கயிறு, செல்போன் சார்ஜர் வயர், தீப்பெட்டி மூட்டை எதுவும் நடைபாதையில் கிடக்கக் கூடாது.

'புரை முத்தணுமா?'

வேண்டாம். அது பழைய காலத்துப் பேச்சு. இப்போது அன்றாட வேலை தடைபட்டாலே ஆபரேஷன் செய்துகொள்ளலாம். ரொம்ப முற்றவிட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வையே போகும் ஆபத்தும் உண்டு. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி.வெங்கடசாமி, எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்த கரிசல்காட்டுக்காரர்தான். இன்று அரசு மருத்துவமனைகளிலும் கண் முகாம்கள் மூலமாகவும் இலவசமாகவே ஆபரேஷன் நடக்கிறது. பணத்துக்காக காத்திருக்க வேண்டியதில்லை.

தேதி குறித்த பிறகு இலைச்சாறு, தாய்ப்பால் என எதையும் கண்ணில் விடக்கூடாது, கிருமித் தொற்று வரலாம். தாத்தா புராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிட்டால் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டாம்சுலோசின் போன்ற மருந்துகளால் ஆபரேஷன் நேரத்தில் கண்மணி சரியாக விரியாமல் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு கண் முடிந்ததும் படியில் அடித்த மஞ்சள் கோட்டை அழித்துவிடாதீர்கள். இரண்டு கண்ணும் இரண்டு விதமாகப் பார்க்கும் நாட்களில் படியின் ஆழம் சரியாகப் பிடிபடாது. அடுத்த கண்ணும் முடியும்வரை அது இருக்கட்டும்.